எண்ணெய் வழியும் முகத்துக்குப் பகல்நேர மாய்ஸ்சரைசர்: கொங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றதைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"மூஞ்சியே எண்ணெய்ச் சட்டியாட்டம் இருக்குது, இதுக்கு மேல க்ரீம் வேற எதுக்குங்க?"

கோயம்புத்தூரில் தொடங்கி கரூர் வரைக்கும், எண்ணெய்ப் பசைச் சருமம் உள்ளவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. காலையில் முகம் கழுவிவிட்டு வேலைக்குப் போனால் பத்து மணிக்கே நெற்றியும் மூக்கும் பளபளக்கின்றன. அதன்மேல் இன்னொன்றைத் தடவ யாருக்கு மனசு வரும்?

ஆனால் முகத்தில் வழியும் எண்ணெய் வேறு, தோலுக்குள் இருக்க வேண்டிய ஈரம் வேறு. எண்ணெயைச் சுரப்பது செபேசியஸ் சுரப்பிகள். அவை ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை. நெற்றி, மூக்கு, தாடையில் அதிகமாக இருக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பது தோலின் மேலடுக்கும், அதன் செல்களுக்கு இடையே உள்ள கொழுப்புப் படலமும். சுரப்பி மும்முரமாக எண்ணெய் சுரந்துகொண்டிருக்கும்போதே மேலடுக்கு காய்ந்து கிடக்கலாம். முகம் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் மெல்லிய செதில் உதிர்கிறது, மதியத்துக்குள் நெற்றியில் எண்ணெய் மிதக்கிறது என்றால் உங்கள் நிலை இதுதான்.

நம் பகுதியில் இது சற்று அதிகமாகவே நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் மேட்டுநிலம் இது. கடலோர ஊர்களைப் போலக் காற்றில் எந்நேரமும் ஈரம் இருக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் நாள் முழுக்க முகத்தில் அடிக்கிறது. சித்திரை வெயில் ஈரோட்டிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். ஆகவே "ஆயில் ஸ்கின்னா? மாய்ஸ்சரைசரே வேண்டாம்" என்று சென்னைப் புழுக்கத்துக்குச் சொல்லும் யோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு வேண்டியது ஈரம் தரும், கனம் இல்லாத, வெயிலில் வழியாத ஒன்று. அதைக் கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: க்ரீமுக்கு முன்னால் சோப்பையும் தண்ணீரையும் பாருங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. நல்ல மாய்ஸ்சரைசரை வாங்கிவிட்டு, குளியல் சோப்பால் நாளுக்கு நாலு தடவை முகத்தைத் தேய்த்துக் கழுவினால் எந்த க்ரீமாலும் ஈடுகட்ட முடியாது.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது; அதன் பி.ஹெச். ஏறத்தாழ 5. சாதாரண சோப்புக் கட்டியின் பி.ஹெச். 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை. அந்தக் காரம் மேலே உள்ள எண்ணெயோடு நிற்காமல், ஈரத்தைக் காக்கும் உள்கொழுப்பையும் கழுவிக்கொண்டு போகிறது. சுரப்பியோ ஹார்மோன் சொல்வதைக் கேட்டு இயங்குவது, சோப்பு போடுவதால் அது நிற்பதில்லை. கழுவிய கொஞ்ச நேரத்தில் எண்ணெய் திரும்பி வந்துவிடும், போன ஈரம்தான் வராது.

அடுத்தது தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், 'சப்பைத் தண்ணி' என்று நாம் சொல்லும் போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீட்டுக்கும் முகத்தளவில் பெரிய வித்தியாசம் உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக மாறும். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுதான். அது முகத்திலும் ஒட்டி உறுத்தும்.

என்ன செய்யலாம்? காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை கழுவினால் போதும். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீர். சோப்புக் கட்டிக்குப் பதிலாக, 'சோப் ஃப்ரீ' என்று போட்ட மென்மையான ஃபேஸ்வாஷ் வாங்குங்கள். இவை உப்புத் தண்ணீரில் அந்தப் படிவத்தை உண்டாக்குவதில்லை. போர்த் தண்ணீர்தான் கதி என்றால், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் முகத்தை அலசிவிடுங்கள். இப்படி இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் க்ரீமைத் தேடுங்கள். சிலருக்கு 'எண்ணெய்ச் சருமம்' என்று நினைத்ததில் பாதித் தொந்தரவு இதிலேயே அடங்கிவிடும்.

படி 2: எங்கே எண்ணெய், எங்கே வறட்சி என்று சோதியுங்கள்

விடுமுறை நாளில் செய்யுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். எதுவும் தடவாமல், அடுப்படிக்கும் வெயிலுக்கும் போகாமல் ஒரு மணி நேரம் இருங்கள். அப்புறம் மெல்லிய டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னங்கள் எனத் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் எண்ணெய் ஊறியிருந்தால் முழு எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கில் மட்டும் ஊறிக் கன்னத்துப் பேப்பர் காய்ந்திருந்தால் கலவைச் சருமம். இவர்கள்தான் தங்களை எண்ணெய்ச் சருமம் என்று நினைத்து, கன்னத்தையும் சேர்த்துக் காயவைத்துவிடுகிறார்கள். எண்ணெயும் ஊறி, தோலும் இழுத்துப் பிடித்து எரிச்சல் கொடுத்தால் மேலடுக்கு சேதப்பட்டிருக்கிறது. படி 1-ல் சொன்னதை இன்னும் சில வாரம் தொடருங்கள்.

பருவுக்கு க்ளிண்டாமைசின், பென்சாயில் பெராக்சைடு, அடாபலின் போன்றவற்றைப் போடுபவர்களும், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அடாபலின், பென்சாயில் பெராக்சைடு, ஐசோட்ரெட்டினாயின் மூன்றுமே தோலைக் காயவைக்கும். இவர்களுக்கு மாய்ஸ்சரைசர் கட்டாயம்.

படி 3: உங்கள் பகல்பொழுது எங்கே கழிகிறது?

இதைக் கேட்காமல் சொல்லும் எந்தப் பரிந்துரையும் அரைகுறைதான்.

சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. அலுவலகத்திலோ, ஜவுளிக் கடையிலோ நாள் முழுக்க ஏ.சி.யில் இருப்பவருக்கு உலர்ந்த காற்றுதான் பிரச்சினை. வெறும் நீர்போன்ற ஜெல் சீக்கிரம் காய்ந்துவிடும். ஜெல்-க்ரீம் அல்லது லேசான லோஷன் சரிப்படும்.

ஸ்பின்னிங் மில்லில் கதை நேர்மாறு. நூல் அறுந்து போகாமல் இருக்கக் கூடத்துக்குள் ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அங்கே வியர்வை ஆறாது, பஞ்சுத் தூசியும் முகத்தில் ஒட்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்பவருக்கும் நீராவியும் சூடும் ஓயாது. இவர்களுக்கு மிக லேசான ஜெல், அதுவும் கொஞ்சமாக. பிசுபிசுப்பு மிஞ்சும் எதுவும் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தோட்டத்து வேலை, டூவீலரில் அலைச்சல், சந்தை வியாபாரம் என்று வெயிலில் இருப்பவர்களுக்கு மாய்ஸ்சரைசரை விட சன்ஸ்க்ரீன் முக்கியம். அதைப் படி 7-ல் விரிவாகச் சொல்கிறேன். ஹெல்மெட் போடுபவர்கள் ஒன்று கவனியுங்கள்: நெற்றியில் மட்டும் பொரிப்பொரியாக வந்தால் காரணம் க்ரீமாக இல்லாமல், வியர்வை ஊறிய ஹெல்மெட்டின் உள்பஞ்சாகவும் இருக்கலாம். அதை வாராவாரம் துவையுங்கள், உள்ளே சுத்தமான பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நான் பிராண்ட் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரே பிராண்டில் ஒரே மாதிரி டப்பாவில் எண்ணெய்ச் சருமத்துக்கு ஒன்று, வறண்ட சருமத்துக்கு ஒன்று என்று இருக்கும். ஃபார்முலாவும் அவ்வப்போது மாறும். பின்பக்கத்து லேபிளைப் படிக்கத் தெரிந்தால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள். பொருள்களின் பட்டியல் அளவு அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். முதல் ஏழெட்டுப் பெயர்களில்தான் க்ரீமின் குணம் இருக்கிறது.

முதலில் தேட வேண்டியது கிளிசரின். மலிவானது, பழையது, நம்பகமானது. தோலின் மேலடுக்கில் நீரைப் பிடித்து நிறுத்தும். ஹயலூரானிக் அமிலம் (லேபிளில் சோடியம் ஹயலூரனேட் என்று இருக்கும்), பாந்தெனால், சோடியம் பி.சி.ஏ. ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. விளம்பரத்தில் ஹயலூரானிக் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் என் பார்வையில் கிளிசரின் முன்வரிசையில் இருப்பதுதான் முக்கியம்.

ஈரத்தை இழுக்கும் பொருள் மட்டும் இருந்தால் நம்மூர்க் காற்றில் நெடுநேரம் நிற்காது. மேலே மெல்லிய காப்பு ஒன்று வேண்டும். எண்ணெய்ச் சருமத்துக்கு அந்த வேலையைச் சிறப்பாகச் செய்வது டைமெத்திகோன் எனும் சிலிக்கோன் வகை. 'சிலிக்கோன் தோலின் துவாரத்தை அடைக்கும்' என்று பலர் பயமுறுத்துவார்கள். டைமெத்திகோன் துவாரத்துக்குள் போய் அடைப்பதில்லை. தோலின்மேல் வழவழப்பில்லாத படலமாக நின்று ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. ஸ்குவாலேனும் லேசானதுதான், சிறிய அளவில் பரவாயில்லை.

மூன்றாவது நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. 2 சதவீத அளவிலேயே முகத்தில் எண்ணெய் கொஞ்சம் குறைவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தோலின் காப்பும் பலப்படும், பரு விட்டுப்போன தழும்பின் கருமையும் மெல்லக் குறையும். 2 முதல் 5 சதவீதம் போதும். 10 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருப்பது சிலருக்குச் சிவந்து எரியும். கூடுதல் என்பதால் கூடுதல் நன்மை என்று எண்ண வேண்டாம். சிலிக்கா, ஸ்டார்ச் போன்றவை பட்டியலில் இருந்தால் அவை எண்ணெயை உறிஞ்சி மினுமினுப்பைக் குறைக்கும்.

இனி தவிர்க்க வேண்டியவை. தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோப்ரொபைல் மிரிஸ்டேட், ஐசோப்ரொபைல் பால்மிடேட் ஆகியவை முன்வரிசையில் இருந்தால் வைத்துவிடுங்கள். பெட்ரோலேட்டம், ஷியா பட்டர் முன்னால் நிற்கும் க்ரீம்கள் இரவில் குதிகாலுக்கு நல்லவை, பகலில் நெற்றிக்கு வேண்டாம். 'ஆல்கஹால் டீநாட்' முதல் நாலைந்துக்குள் இருந்தால் போட்டவுடன் ஜில்லென்று காயும், நாளாக நாளாக வறட்டும். சீட்டைல் ஆல்கஹால், சீட்டரைல் ஆல்கஹால் பெயரைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். அவை கொழுப்பு வகை, காயவைப்பவை அல்ல. வாசனைக்குப் போடும் 'ஃப்ராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' இல்லாததையே எடுப்பது நல்லது. 

'நான்-காமெடோஜெனிக்' (துவாரத்தை அடைக்காதது) என்ற சொல்லை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம், உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்தப் பொருள் துவாரத்தை அடைக்கும் என்று இணையத்தில் சுற்றும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்கள் பெரும்பாலும் முயல் காதில் செய்த பழைய சோதனைகளிலிருந்து வந்தவை. உங்கள் முகத்தில் அதே பொருள் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் முகம்தான் சாட்சி.

படி 5: கடையில்

மெடிக்கலில் "அண்ணா, ஆயில் ஸ்கின்னுக்கு வாசனை இல்லாத ஜெல் மாய்ஸ்சரைசர் இருக்குங்களா?" என்று கேளுங்கள். இருப்பதிலேயே சின்ன ட்யூபை வாங்குங்கள். ஒரு தடவைக்கு அரை கிராமுக்கு மேல் தேவைப்படாது என்பதால் 50 கிராம் மூன்று மாதத்துக்குப் பக்கம் வரும். டப்பாவை விட ட்யூபும் பம்ப்பும் மேல், விரல் உள்ளே போகாது. காலாவதித் தேதியையும், தயாரிப்பு லைசென்ஸ் எண் அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் ட்யூபைப் போட்டு வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "இதப் போடுங்க, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்" என்று நீட்டப்படும் சிறிய ட்யூப்களில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். முதலில் முகம் வெளுத்து வழவழப்பாகும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும் நிலைக்குக் கொண்டுவிடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை முகத்தில் தொடவே கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பிள்ளைகளுக்கு வீட்டாரே இதை வாங்கிக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம்.

படி 6: சோதித்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள்

முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவுங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். முதலில் தாடை ஓரம் சில நாள், அப்புறம் முகம் முழுக்க.

இந்தக் காலத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஃபேஸ்வாஷ், சீரம், க்ரீம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எரிச்சல் சில நாளிலேயே தெரிந்துவிடும். துவார அடைப்பு அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத அடைப்பு பருவாக வெளியே வர ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். அதனால் முதல் வாரத்திலேயே "சூப்பர்" என்றும் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு பருவைப் பார்த்துத் தூக்கியும் போட வேண்டாம். "அழுக்கு வெளியே வருது, அப்படித்தான் பொரியும்" என்ற சமாதானம் மாய்ஸ்சரைசருக்குப் பொருந்தாது. வாரம் போகப் போகப் பொரிகிறது என்றால் அது உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

படி 7: போடும் முறையும் சன்ஸ்க்ரீனும்

முகம் கழுவி ஒற்றியதும், லேசான ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்துக் கன்னத்தில் தொடங்குங்கள். விரலில் மிஞ்சுவதை நெற்றிக்கும் மூக்குக்கும் இழுத்தால் போதும். கலவைச் சருமக்காரர்கள் மூக்கை விட்டுவிடலாம். ஐந்து நிமிடம் பொறுத்து சன்ஸ்க்ரீன்.

எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 என்பது சரியான அளவு போட்டால் யு.வி.பி. எனும் புறஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும்; 50 என்பது 98. இரண்டுக்கும் வித்தியாசம் சிறியது, போடும் அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு இழுத்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். கூடவே, யு.வி.ஏ. எனும் இன்னொரு வகைப் புறஊதாக் கதிருக்கான காப்பைக் குறிக்கும் பி.ஏ. என்பதற்குப் பிறகு குறைந்தது மூன்று கூட்டல் குறி இருக்கட்டும். வெயிலில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும்.

'எஸ்.பி.எஃப். 15 கலந்த மாய்ஸ்சரைசர்' இருக்கிறதே, ஒன்றில் இரண்டு வேலை முடியாதா என்றால், பட்டாணி அளவு போட்டால் அச்சிட்ட பாதுகாப்பு கிடைக்காது. இதைத் தலைகீழாகச் செய்வது நல்ல வழி. முழு எண்ணெய்ச் சருமம் உள்ளவர்கள், கிளிசரினும் டைமெத்திகோனும் உள்ள ஜெல் சன்ஸ்க்ரீன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேவையான அளவு போட்டுக்கொண்டால், மாசி முதல் வைகாசி வரை தனியாக மாய்ஸ்சரைசரே வேண்டியதில்லை. வெயில்காலத்தில் பலருக்கும் நான் சொல்லும் வழி இதுதான்: பிசுபிசுப்பு பாதியாகும், செலவும் குறையும்.

மேலே பவுடர் போடும் பழக்கம் இருந்தால் போடலாம். நெற்றி, மூக்கில் மட்டும், மெல்லியதாக. நடுப்பகலில் எண்ணெய் தெரிந்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

படி 8: பருவம் மாறினால் நீங்களும் மாறுங்கள்

சித்திரையில் சரிப்பட்ட ஜெல் மார்கழிக் குளிரில் போதாமல் போகலாம். ஆடிக் காற்றிலும் அப்படித்தான், குறிப்பாக வண்டியில் போய் வருபவர்களுக்கு. அப்போது அதே ஜெல்லைக் கன்னத்தில் மட்டும் இரண்டாவது முறை போட்டுப் பாருங்கள்; அதற்கும் அடங்கவில்லை என்றால் லேசான லோஷனுக்கு மாறுங்கள்.

வீட்டில் இருப்பவை பற்றி

பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயும் ஈரோட்டு மஞ்சளும் இருக்கும்போது கடைப் பொருள் எதற்கு என்று அப்பத்தாக்கள் கேட்பார்கள். ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. ஆனால் மஞ்சள் முகத்துக்கு ஈரம் தராது. ஒத்துக்கொள்பவர்கள் பூசிக் குளிக்கலாம், மாய்ஸ்சரைசருக்கு மாற்றாக எண்ண வேண்டாம். தேங்காய் எண்ணெய் வறண்ட கைகாலுக்கு அருமையானது. எண்ணெய் வழியும் முகத்திலோ அது துவாரத்தை அடைக்கலாம். அதில் உள்ள லாரிக் அமிலம் போன்ற கொழுப்புகள் தோலில் வாழும் மலாசீசியா எனும் பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கினாலும் இதே கதைதான். நெற்றியில் முடியோரம் சிறுசிறு கட்டிகளாக வருபவர்கள், எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனிக்குத் தடவுங்கள். தலைக்குக் குளிக்கும்போது தலையை அலசி முடித்த பிறகு முகத்தைக் கழுவுங்கள். தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள்.

சோற்றுக்கற்றாழையை வெட்டினால் மஞ்சளாக வடியும் பாலை முழுதும் கழுவிவிட்டு உள்ளே உள்ள சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலை அரிக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம், வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வலியுள்ள பெரிய கட்டிகள், தழும்பு விழும் பருக்கள், ஒரே அளவில் அரிப்போடு வரும் பொரிகள் (மேலே சொன்ன பூஞ்சையாக இருக்கலாம், பரு மருந்துக்கு அடங்காது), தாடைப் பருவோடு மாதவிலக்கு தவறுதல், முகத்தில் முடி வளர்தல் ஆகியவை க்ரீமை மாற்றித் தீர்பவை அல்ல. கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், பெருந்துறையில் உள்ள ஈரோடு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை எதிலும் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். போகும்போது முகத்துக்கு இதுவரை போட்ட ட்யூப், டப்பா, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அன்று காலை பவுடரோ க்ரீமோ போடாமல், வெறும் தண்ணீரில் கழுவிய முகத்தோடு போனால் மருத்துவர் பார்க்க வசதியாக இருக்கும்.